ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு யூரியா பை

போன வாரம் பிரதீப் கோல் எடுத்தான். நான் வேலை பார்த்த டைவிங் கடையில் இப்போது அவன்தான் தலைமை வழிகாட்டி. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரன். நாற்பது வயதாகி முன்தலையில் முடியும் போய்விட்டது, ஆனாலும் நான் இருந்த காலத்தில் கூப்பிட்ட மாதிரியே அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"அண்ணே, கடைக்குப் புது மிஷின் வந்திருக்கு. தீப்பெட்டி கணக்கா இருக்கு. கடல்ல தொலைஞ்சு போனா பட்டன அமுக்குனா போதுமாம், நாம எங்க கெடக்கோம்னு போட்டுக்கு அதுவே சொல்லிருமாம். இனிமே எதுக்கு அந்தப் பழைய பைய இடுப்புல கட்டிக்கிட்டு அலையணும்னு கடையில எல்லாரும் கேக்குறாங்க. நீங்க நாலு வார்த்த எழுதித் தாங்களேன். சீசன் தொடங்கறதுக்கு முன்ன படிச்சுக் காட்டிடுறேன்."

நாலு வார்த்தையில் அடங்குகிற விஷயம் இல்லை இது. அந்தப் பையின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று பிரதீப்புக்கே தெரியாது. வெளிநாட்டுக் கம்பெனி கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அது என் வீட்டிலிருந்து வந்தது, அதுவும் என் மானம் போன வழியாக வந்தது. இத்தனை வருஷமாக நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம்.

எனக்குச் சொந்த ஊர் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் மலை உச்சியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது, இன்னொரு மலைதான் தெரியும். அங்கே பிறந்தவன் இருபத்தெட்டு வருஷம் கடலுக்கு அடியில் சம்பளம் வாங்கினான் என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. "தண்ணிக்கு அடியில என்னப்பா வேல, அங்க என்ன கொழுந்தா முளைச்சிருக்கு?" என்று கேட்பார்கள். திருகோணமலைப் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் தேங்காய் துருவப் போனவன் நான். விடுதியோடு ஒட்டி ஒரு டைவிங் கடை இருந்தது. தேங்காயிலிருந்து சிலிண்டருக்குக் காற்று நிரப்பப் போனேன், அதிலிருந்து போட்டில் சிலிண்டர் தூக்கப் போனேன், பிறகு ஒரு நாள் என்னையும் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். முதல் இரண்டு மாதம் நான் குடித்த உப்புத் தண்ணீருக்கு அளவில்லை. நான்காவது வருஷம் வழிகாட்டி ஆனேன்.

கடைக்காரர் பியதாச மஹத்தயா, மஹத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் கங்காணி பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி கத்தினால் ஒருவர் காதிலும் ஏறாது. இந்த மனிதர் பக்கத்தில் இருப்பவருக்குக் கூட கேட்காத மாதிரிப் பேசுவார், பத்துப் பேரும் மூச்சை அடக்கிக் கொண்டு நிற்போம்.

காலை ஆறரைக்கு மரப்பாலத்தில் அவர் நடத்துவதை நான் மனதுக்குள் பெரட்டு என்றுதான் சொல்லிக்கொள்வேன். தோட்டத்தில் வேலைக்குப் பிரிக்க ஆளை நிறுத்துவார்கள், இங்கே சாமானை நிறுத்துவோம். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் தன் காலடியில் நான்கு சாமான் வைக்க வேண்டும். ஒரு விசில், உள்ளங்கை அளவில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடி, ஒரு டார்ச், பிறகு சோசேஜ் இருக்கிற பை. சோசேஜ் என்றால் தின்கிறது இல்லை. ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான துணிக் குழாய். காற்று ஊதினால் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். மேலே வருவதற்கு முன்னால், ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று இளைப்பாறுகிற இடத்தில், அதில் காற்றை ஊதி நூலில் கட்டி மேலே விட வேண்டும். கடல் மட்டத்தில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான், ஐந்நூறு மீட்டரில் தேங்காய் தெரியாது. ஆரஞ்சுக் குழாய் தெரியும்.

மஹத்தயா வரிசையாக வருவார். விசிலை ஒரு தரம் ஊதச் சொல்வார், டார்ச்சைத் தட்டச் சொல்வார், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்குவார். சோசேஜ் பையை மட்டும் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு அமுக்கு, மாம்பழம் வாங்குகிறவர் அமுக்குகிற மாதிரி. உள்ளே கெட்டியாக இருந்தால் அடுத்தவரிடம் போய்விடுவார். ஏதாவது ஒன்று குறைந்தால் ஏச்சு கிடையாது. பாலத்தின் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும், அதைக் காட்டுவார். ரப்பர் உடுப்போடு அதில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே போட் திரும்புகிற வரைக்கும் வெயிலில் காய வேண்டும். சோசேஜ் இல்லாமல் ஒருவன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அதற்கு நாற்காலியும் இல்லை, அவனுக்கு இந்தப் போட்டில் மறுபடி இடமே இல்லை என்பது அவர் சட்டம். அப்படி ஒருவனை அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி நான் வழிகாட்டியாக இருந்த ஒரு ஆடி மாசத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நான்கு நாள் லீவு கேட்டு வாங்கினேன். அவரவர் சாமானை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் பையையும் கூடக் கொண்டுபோனேன். அது சாக்கு. ஊரில் காட்டிப் பெருமையடிக்கத்தான் கொண்டுபோனேன். லயத்து வாசலில் நின்று சோசேஜை வாயால் ஊதி நிமிர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் தேருக்குக் கட்டவா என்று கேட்டார். "இது ரெண்டு மைலுக்குத் தெரியும். மழை, உப்பு, வெயில் ஒண்ணும் செய்யாது" என்று நான் அளந்தேன். என் மனைவி பவளம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள். தடவியதோடு நிறுத்தாமல் முழம் போட்டும் பார்த்தாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். அன்று சாயந்தரம் திருவிழாவில் என்ன நடந்தது என்பது எனக்குப் பாதிதான் ஞாபகம். மீதிப் பாதி பிறகு வரும்.

திரும்பி வந்த மறுநாள் காலை பெரட்டில் மஹத்தயா என் பையை அமுக்கினார், கெட்டியாக இருந்தது, போய்விட்டார். அன்றைக்கு என்னோடு இறங்கியது ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. பெரியவர் ஓய்வு பெற்ற பல் வைத்தியர், எதற்கெடுத்தாலும் தேங்க்யூ சொல்வார். அந்த அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர், எதையும் எண்ணாமல் விடமாட்டார். கரையிலிருந்து ஒரு மணி நேரம் போட்டில் போனால் கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. போட்டை ரியாஸ் நானா ஓட்டினார், மஹத்தயா போட்டின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்தார்.

கப்பலைப் பார்த்து முடிக்கிற நேரம் நீரோட்டம் திசை மாறிவிட்டது. நங்கூரக் கயிற்றுக்குத் திரும்ப முடியவில்லை. அது நடக்கிறதுதான், அதற்குத்தானே சோசேஜ். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடுத் தண்ணீரில் மெல்ல ஏறினேன். ஐந்து மீட்டரில் நிறுத்தினேன். இடுப்புப் பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்ததை இழுத்து, ஒரு உதறு உதறினேன்.

வெள்ளையாக ஒன்று விரிந்தது. அதில் பச்சை எழுத்தில் யூரியா என்று இருந்தது.

நான் அதை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் திருப்பிப் பிடித்துப் படித்தேன், ஓரத்தில் ஈரம் படாமல் வைக்கவும் என்று போட்டிருந்தது. எங்கள் தோட்டத்துப் பசளை பைதான். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, நாலாக மடித்துச் சுருட்டி, நூலால் கட்டியிருந்தது. தம்பதி இருவரும் மூன்று நிமிஷமும் பக்கத்தில் மிதந்தபடி நான் ஏதோ உள்ளூர் வழக்கப்படி செய்கிறேன் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, எல்லாம் சரியா என்று கேட்டார். நானும் வளையம் காட்டினேன். தண்ணீருக்கு அடியில் பொய் சொல்ல இரண்டு விரல் போதும்.

மேலே வந்து பார்த்தால் போட் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அலை நெஞ்சளவு. கரை ஒரு கோடு. இரண்டு பேரின் ஜாக்கெட்டையும் ஊதவைத்து, மூன்று பேரும் கைகோர்த்துக் கொண்டோம். பிரிந்தால் தேட மூன்று தேங்காய், சேர்ந்திருந்தால் ஒரு குலை.

விசிலை ஊதினேன். காற்று எதிரே இருந்தது, ஊதினது எனக்குப் பின்னாலேயே போய்விட்டது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசிலைத் துப்பிவிட்டு, கையைக் குவித்து, கூ என்று ஒரு குரல் கொடுத்தேன். எங்கள் மலையில் பிறந்தவன் எவனும் அதைத்தான் செய்வான். பனியில் வழி தப்பினால் ஒரு கூ போட்டால் எதிர் மலை அதைத் திருப்பித் தரும், அடுத்த மலையிலிருந்து யாராவது இன்னொரு கூ போடுவார்கள். நான் போட்ட கூவைக் கடல் திருப்பித் தரவே இல்லை. அத்தனை வருஷம் கடலில் கிடந்தும் அதன் அகலம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. என்னைப் பற்றிய பயம் கொஞ்சம், என் ஜாக்கெட்டை இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் அதிகம். அவர்கள் என்னை நம்பி வந்திருந்தார்கள். பெரியவர் என் கூவுக்கும் தேங்க்யூ சொன்னார்.

அந்த அம்மா யூரியா பையை வாங்கித் துடுப்புக் காலணியின் நுனியில் மாட்டி உயர்த்திப் பிடித்தார். போட் திரும்பி எங்கள் பக்கம் வந்தது, முந்நூறு மீட்டர் வரை வந்தது, பிறகு வேறு பக்கம் போனது. இன்னொரு தரமும் அப்படியே. வெள்ளைப் பை அலை நுரையோடு நுரையாகப் போய்விட்டதாக ரியாஸ் நானா பிறகு சொன்னார்.

"உங்கள் கைக்கண்ணாடி?" என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார். வானத்தில் மேகம். சூரியன் வந்து வந்து ஒளிந்தது. மஹத்தயா சொல்லிக் கொடுத்தபடி இடது கையை நீட்டி இரண்டு விரலைப் பிரித்து, அந்த இடுக்குக்குள் போட்டைப் பிடித்து வைத்துக்கொண்டேன். வலது கையில் கண்ணாடி கண்ணோரத்தில். வெயில் அடித்தவுடன் அதன் வெளிச்சப் பொட்டு முதலில் என் விரலில் விழ வேண்டும், விரலில் விழுந்தால் இடுக்கு வழியாகப் போட்டுக்கும் போகும். அலை தூக்கும்போது போட் தெரியும், அப்போது வெயில் இருக்காது. வெயில் வரும்போது நாங்கள் பள்ளத்தில். அந்த அம்மா அலைகளை எண்ண ஆரம்பித்தார். ஏழாவது அலை எப்போதும் பெரிதாக வருகிறது என்று சொல்லி, ஒவ்வொரு ஏழுக்கும் என் தோளில் தட்டினார். அப்படி எத்தனை ஏழு போனது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு ஏழில் அலையும் வெயிலும் ஒன்றாக வந்தன. என் விரல் நுனி பளீரென்றது.

போட் நின்றது. மெல்ல மூக்கைத் திருப்பியது.

"மச்சான், ஒங்கட கண்ணாடி எண்ட கண்ணப் பறிச்சிட்டு" என்று ரியாஸ் நானா எங்களைத் தூக்கிப் போடும்போது சொன்னார். தண்ணீரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தோம். மஹத்தயா தம்பதிக்குத் துவாய் கொடுத்தார், இஞ்சி பிஸ்கட் கொடுத்தார், பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றினார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, வழக்கத்தை விடவும் மெல்ல, "சந்தன, சோசேஜ் எக்க கோ?" என்றார். என் பெயர் சந்தனம், அவர் சிங்கள வாயில் சந்தன. சோசேஜ் எங்கே என்று கேட்கிறார்.

நான் யூரியா பையை நீட்டினேன்.

கரைக்கு வரும் வரை ஒரு மணி நேரம் அவர் அந்தப் பையைப் படித்துக்கொண்டே வந்தார். எனக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. ஊரில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பவளத்தின் கொழுந்துச் சம்பளம் அரிசிக்குத்தான் காணும். அந்த ஒரு மணி நேரத்தில் என் புத்தி என்னென்னவோ கணக்குப் போட்டது. கடைக்குள் போய் நின்றதும் நான் சொன்னது இதுதான்: "மஹத்தயா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. என் பொஞ்சாதி எனக்குச் சொல்லாம எடுத்துட்டா."

அவர் பென்சிலை எடுத்தார். "நம்பரைச் சொல்லு."

கடைப் போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டினார். ரியாஸ் நானா வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். மறு பக்கத்தில் கொழுந்து மலையின் சத்தம், யாரோ யாரையோ நிரை மாறி நிற்காதே என்று கத்துவது கேட்டது. பவளத்துக்குச் சிங்களம் என்னை விட நன்றாக வரும். மஹத்தயா யார் என்று தெரிந்ததும் குரலைப் பணிவாக்கிக் கொண்டாள். ஆரஞ்சுத் துணியை வெட்டியது நீயா என்று அவர் கேட்டார்.

ஆமாம், நான்தான் என்றாள். நெடுக்காக வெட்டி விரித்தால் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்ட அளவாக இருந்தது என்றாள். கொழுந்துச் செடி குத்தாமல், ஈரம் ஊறாமல் இருக்க எங்கள் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வதுதான் படங்கு. இப்போதும் அதைத்தான் கட்டியிருக்கிறேன், ஒரு சொட்டு இறங்கவில்லை, பனியில் ஆளைக் காணோம் என்று கங்காணி ஏசுவதும் நின்றுபோனது, இன்னொன்று இருந்தால் மச்சாளுக்கும் உதவும் என்றாள்.

"புருஷனிடம் கேட்கவில்லையா?"

"கேக்காம எடுப்பேனா மஹத்தயா? எயா தமாய் கிவ்வே, கன்ன கியலா." அவர்தான் சொன்னார், எடுத்துக்கொள்ளச் சொல்லி. பிறகு என் காதில் விழட்டும் என்றே தமிழுக்கு மாறினாள். "திருவிழா அன்னைக்கு ரெண்டு கிளாஸ் போட்டுட்டு வந்து, எடுத்துக்க புள்ள, கடலே நம்மளோடதுன்னு சொல்லல? பக்கத்து லயமே கேட்டுச்சு."

அந்த மீதிப் பாதி ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது. முழுதாக வந்தது.

மஹத்தயா என் பக்கம் திரும்பவில்லை. "பையை நான் அமுக்கிப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. எப்படிச் செய்தாய்?" என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"பை சப்பையா இருந்தா நல்லா இருக்காதேன்னு பசளை பைய மடிச்சு வச்சேன். கொழுந்து நிறுக்கிற தராசுல ரெண்டையும் வச்சு சரி பாத்துட்டுத்தான் கட்டுனேன்" என்று மறுபடி சிங்களத்திலேயே சொன்னாள்.

பியதாச மஹத்தயா சிரித்ததை நான் முதல் தடவை அப்போதுதான் பார்த்தேன். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நோனா, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரிப் பை தைக்க முடியுமா? முன்பக்கம் ஜன்னல் வைத்து. பன்னிரண்டு வேண்டும்" என்றார். துணி அனுப்பினால் தைக்கிறேன் என்றாள்.

போனை வைத்த பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தமிழில். "தண்ணீருக்கு அடியில் எல்லாம் சரி என்று நீ வளையம் காட்டியதை அந்த அம்மா சொன்னார், அந்தப் பொய்யை விட்டுவிடுகிறேன், பயந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே வர முடியாது. பையை விரித்துப் பார்க்காத குற்றத்தில் எனக்கும் பாதி இருக்கிறது, அதனால்தான் உனக்குப் போட்டில் இடம் இருக்கிறது. ஆனால் கரைக்கு வந்து பொண்டாட்டி மேல் பழியைப் போட்டாய் பார். அதற்கு நாற்காலி."

பதினெட்டு நாள். ரப்பர் உடுப்போடு. தம்பதி ஊருக்குப் போகிற அன்று என்னைத் தேடி வந்து, பெரியவர் தேங்க்யூ சொன்னார். அந்த அம்மா அந்த யூரியா பையை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பத்தொன்பதாம் நாள் ஜன்னல் வைத்த பைகள் வந்தன. அன்றிலிருந்து பெரட்டில் யாரும் அமுக்குவதில்லை, எல்லோருடையதையும் பிரித்து விரிக்க வேண்டும். விரிக்கிற வேலை எனக்கு. நான் ஓய்வு பெறும் வரைக்கும் தினம் காலையில் அந்தப் பாலம் ஆரஞ்சாகக் கிடந்தது. எனக்குப் பிறகு அந்த வேலை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, ஜன்னல்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதி நேற்றுப் பின்னேரம் பிரதீப்புக்குக் கோல் எடுத்து வாசித்துக் காட்டினேன். புது மிஷினை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டு வாங்கு என்றுதான் சொல்கிறேன். மிஷின் சொல்வதைக் கேட்டு போட் பக்கத்தில் வந்த பிறகும் கடைசி முந்நூறு மீட்டரைக் கண்தான் பார்க்க வேண்டும், எங்களை இரண்டு தரம் விட்டுப்போனது அந்தத் தூரத்தில்தான். அவன் நல்லா இருக்கு அண்ணே, நல்லா இருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஒன் பைய எப்ப விரிச்சுப் பாத்த?" என்றேன்.

"அதான் ஜன்னல் வழியாத் தெரியுதே அண்ணே. ஆரஞ்சு கலரு நல்லாத் தெரியுது."

"விரி."

பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு துணியை உதறுகிற சத்தம்.

"அண்ணே."

"சொல்லு."

"இது என் மகனோட டீசேர்ட்டு. போன சீசன் கடைசியில சோசேஜ் கிழிஞ்சிருச்சு. புதுசு வர்ற வரைக்கும் ஜன்னல் வெறுமையாத் தெரியக்கூடாதேன்னு நான்தான் மடிச்சு வச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. இதோட ரெண்டு தரம் எறங்கிட்டேன்."

பக்கத்தில் பவளம் பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நிறுத்துப் பாத்துட்டு வச்சானான்னு கேளுங்க" என்றாள்.

நான் அதைக் கேட்கவில்லை. பாலத்துக் கோடியில் அந்த நாற்காலி இன்னும் கிடக்கிறதா என்று கேட்டேன்.

"கெடக்கு அண்ணே" என்றான்.